ஆறு அங்குலப் பெட்டியின் சிகாகோ பயணம்

மாதிரி ரயிலில் ஓடும் சரக்குப் பெட்டி காலியாகப் போனாலும் 113 கிராம்தான். முப்பத்தாறாயிரம் டப்பா பீச் பழத்தோடு போனாலும் 113 கிராம்தான். அதன் கதவு பெரும்பாலும் திறக்காது. தண்டவாளத்தில் தடுமாறாமல் ஓடுவதற்காக உள்ளே ஒட்டிவைத்த இரும்புத் துண்டைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. அப்படியானால் பெட்டியில் பாரம் இருக்கிறதா, எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? பெட்டி போகுமிடமெல்லாம் கூடவே போகும் ஒரு சீட்டு சொல்லும். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பெட்டியின் பின்னால் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பள்ளத்தாக்கே பழத்தை நம்பிப் பிழைத்த கதை அதில் இருக்கிறது.

நாம் பின்தொடரப் போவது சதர்ன் பசிபிக் ரயில்வேயின் நாற்பதடிப் பெட்டி. காலம் 1950-களின் தொடக்கம். எல்லாப் பக்கமும் மூடி, இருபுறமும் தள்ளுகதவு வைத்து, செம்பழுப்பு வண்ணம் பூசிய எஃகுப் பெட்டி. 50 டன் பாரம் தாங்கும். அமெரிக்கர்கள் பாக்ஸ்கார் என்பார்கள். மாதிரி ரயில்காரர்கள் அதிகம் கையாளும் எச்.ஓ. அளவு, அசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. அந்த அளவில் நாற்பதடிப் பெட்டி பெட்டிகளை இணைக்கும் கப்ளரோடு சேர்த்து ஆறு அங்குலம் வரும். 1935-இல் தொடங்கிய அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் ஆறு அங்குலப் பெட்டிக்குப் பரிந்துரைக்கும் எடை நான்கு அவுன்ஸ். மேலே சொன்ன 113 கிராம் அதுதான்.

இடம், கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று உலகம் அறிந்த அதே மண். ஏப்ரிகாட், பிளம், செர்ரி, பேரித் தோட்டங்கள் அங்கே மலையடிவாரம் வரை பரந்து கிடந்தன. 1871-இல் டாக்டர் ஜேம்ஸ் டாசன் என்பவர் சான் ஹோசேயில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அடுப்பு மூட்டிப் பழங்களை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கொட்டகை வேலை ஒரு பெருந்தொழிலாகிவிட்டது. 1916-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து கலிபோர்னியா பேக்கிங் கார்ப்பரேஷன் ஆயின. டெல் மாண்டே என்ற வணிகப் பெயர் அதனுடையது. பக்கத்து ஊரான சன்னிவேலில் லிப்பி நிறுவனத்தின் பெரிய ஆலை இருந்தது. டப்பாக்களை உருட்டிக்கொண்டே வேகவைக்கும் இயந்திரங்களைக்கூட சான் ஹோசேயிலேயே செய்தார்கள். ஆண்டர்சன்-பார்ன்குரோவர் என்ற அந்த இயந்திர நிறுவனம் 1928-இல் ஜான் பீன் நிறுவனத்தோடு இணைந்து ஃபுட் மெஷினரி கார்ப்பரேஷன் ஆனது. தோட்டம், ஆலை, ஆலைக்கான இயந்திரம் எல்லாம் ஒரே ஊரில். நடுவில் சதர்ன் பசிபிக்கின் தண்டவாளம்.

இப்படி உணவை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குக் கேனரி என்று பெயர். மாதிரி ரயில் அமைப்பவர்கள் கேனரியின் மேல் தனிப் பிரியம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தை மாதிரியில் வைத்தால் ஒரே வகை வேகன் காலியாக உள்ளே போகும், நிறைந்து வெளியே வரும், அவ்வளவுதான். கேனரி அப்படியில்லை. கல்யாண வீட்டுச் சமையற்கட்டுக்கு எல்லாத் திசையிலிருந்தும் சாமான் வந்து இறங்குவதைப் போல அங்கே வந்து இறங்கும். டப்பா ஆலையிலிருந்து காலி டப்பா. கிராக்கெட் ஊரின் சி அண்ட் எச் ஆலையிலிருந்து சர்க்கரை மூட்டை. மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து டேங்கரில் சோளப் பாகு. பீச் தோலை உரிக்கக் காரச் சோடா. கொதிகலனுக்குக் கனத்த எரியெண்ணெய். மலைக்காட்டு மர ஆலைகளிலிருந்து பழப்பெட்டிக்கான பலகைக் கட்டு, பிற்காலத்தில் அட்டைப்பெட்டி. உப்பு, லேபிள், பசை. பழம் மட்டும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரியில் வந்துவிடும். இத்தனை வகை வண்டிகளும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு கதவுகளைத் தேடி வரும்.

கழிவுக்கும் பயணம் உண்டு. ஏப்ரிகாட் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்து விற்றார்கள். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பீச் கொட்டைக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. அதைக் கரியாக்கினால் நச்சுவாயு முகமூடிக்குள் வைக்கும் வடிகட்டி கிடைக்கும் என்பதால் அமெரிக்க அரசு மக்களிடமே கொட்டை சேர்த்துத் தரச் சொன்னது. அந்த ஆண்டைத் தன் மாதிரிக்குத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் கேனரியின் பின்வாசலில் கொட்டை ஏற்றிய ஒரு வேகனை நிறுத்தினால் நான் மனதார ஒப்புக்கொள்வேன்.

சீட்டுக்கு வருவோம். மாதிரி ரயிலை வட்டமாகச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. நியூ ஆர்லியன்சில் டெல்டா லைன்ஸ் என்ற பெரிய மாதிரியை அமைத்த ஃபிராங்க் எலிசன், 1940-களிலேயே அது போதாது என்று எழுதினார். நாடக மேடை அனுபவம் உள்ளவர் அவர். மாதிரி ரயில் ஒரு மேடை, ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்பது அவர் கொள்கை. கதை வந்தாயிற்று, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வேடம் தேவைப்பட்டது. டக் ஸ்மித் 1961-இல் மாடல் ரெயில்ரோடர் இதழில் விளக்கிய சீட்டு முறை அதைத் தந்தது. பெட்டிக்கென்று ஓர் அட்டை. எந்த ரயில்வே, என்ன எண், எந்த வகை என்று அதில் எழுதி, அடியில் ஒரு பை ஒட்டியிருக்கும். பைக்குள் செருகும் சிறு சீட்டில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு பயணங்கள். செருகினால் ஒரு பயணம் மட்டும் கண்ணில் படும். அது முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்தது. நான்கும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

ரயில்வேயில் உண்மையாகவே ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் வேபில் என்ற தாள் இருந்தது. ஸ்மித் அதைச் சுருக்கி மாதிரிக்குக் கொண்டுவந்தார். எஞ்சினையும் பெட்டியையும் 87 மடங்கு சுருக்கிய இந்தப் பொழுதுபோக்கு, அலுவலகத் தாளையும் சுருக்க முடிந்தபோதுதான் முழு ரயில்வே ஆயிற்று என்பது என் கருத்து.

நம் பெட்டியின் சீட்டில் முதல் பயணம்: டப்பா ஆலையிலிருந்து கேனரிக்கு, சரக்கு, காலி டப்பா.

காலி டப்பாவை ரயிலில் ஏற்றுவது விசித்திரமான வேலை. பழம் அடைக்கப் பயன்பட்ட பெரிய டப்பா, அமெரிக்கர் கணக்கில் இரண்டரை எண் டப்பா, நாலு அங்குலக் குறுக்களவும் நாலே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரமும் கொண்டது. காலியாக நூறு கிராம் சொச்சம் இருக்கும். நாற்பதடிப் பெட்டியில் கூரைவரை அறுபதாயிரம் அடுக்கினோம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஏழு டன்னைத் தாண்டாது. ஐம்பது டன் தாங்கும் பெட்டி, வயிறு முட்ட நிறைந்தும் பாரமில்லாமல் போகும். ரயில்வே சுமந்ததில் பெரும்பகுதி காற்று. அதனால்தான் அமெரிக்கன் கேன், கான்டினென்டல் கேன் போன்ற நிறுவனங்கள் டப்பா ஆலைகளைக் கேனரிகளுக்கு அருகிலேயே கட்டின. சில இடங்களில் டப்பா ஆலையிலிருந்து கேனரிக்கு நேரே ஓடும் பாதை போட்டு ரயிலையே தவிர்த்தார்கள். தற்செயலான ஒற்றுமை ஒன்று: நம் ஆறு அங்குல மாதிரிப் பெட்டியும் அந்தக் காலத்துக் காலி டப்பா ஒன்றும் தராசில் ஏறத்தாழச் சமமாக நிற்கும்.

டப்பாவின் உடம்பு எஃகுத் தகடு. மேலே இருப்பது வெள்ளீயத்தின் மெல்லிய பூச்சு. எஃகு அமெரிக்காவிலேயே கிடைத்தது. வெள்ளீயச் சுரங்கம் என்று சொல்லத்தக்கது அந்நாட்டில் இல்லை. நெடுங்காலம் அது மலாயாவிலிருந்து கப்பலில் போயிற்று. அந்தத் தாதுவைத் துறைமுகத்துக்கு இறக்க மலாயாவில் போட்ட முதல் ரயில்பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறந்தது; எட்டு மைல் நீளம். இலங்கையிலிருந்து கொண்டுபோன பயனியர் படையினர் அதை அமைத்தார்கள். பின்னர் அந்த நாட்டு ரயில்வே முழுவதும் தண்டவாளக் கூலிகளாகத் தமிழர்களும், ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்தாரும் நிறைந்தார்கள். கலிபோர்னியாவின் பீச் டப்பாவில் அவர்கள் உழைப்பும் படிந்திருக்கிறது. எந்த மாதிரி ரயிலின் சீட்டிலும் அது எழுதப்படுவதில்லை. பயணம் அத்தனை பின்னாலிருந்து தொடங்கியது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இனி நம் பெட்டி கேனரிக்கு வந்து சேர்கிறது. எஞ்சினும் ஏழெட்டுப் பெட்டிகளும் கொண்ட உள்ளூர் சரக்கு வண்டி. மாதிரியில் இதை ஓட்ட இரண்டு பேர்: ஒருவர் எஞ்சின் டிரைவர், மற்றவர் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடும் கண்டக்டர். சுவரில் வேகமாக ஓடும் கடிகாரம். நம் கடிகாரத்தில் ஒரு மணி ஆவதற்குள் அதில் நாலு மணி ஓடிவிடும்படி வைத்திருப்பார்கள். தூரத்தைச் சுருக்கினால் நேரத்தையும் சுருக்க வேண்டுமே.

பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றும் ஷன்டிங் இங்கேதான் தொடங்குகிறது. கேனரியை ஒட்டிய கிளைப்பாதையான சைடிங்கில் ஏற்கெனவே மூன்று பெட்டிகள் நிற்கின்றன. முதல் கதவில் சர்க்கரைப் பெட்டி, பாதி இறக்கியாயிற்று. இரண்டாவது கதவில் இறக்கி முடித்த காலிப் பெட்டி. மூன்றாவதில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் பெட்டி. நம் பெட்டி நிற்க வேண்டியது இரண்டாவது கதவில். காலி டப்பா இறங்கும் கதவு அது ஒன்றுதான். அங்கிருந்துதான் டப்பாக்கள் மேல்தளம் ஏறி, சரிவுப் பாதையில் உருண்டு, பழம் நிரப்பும் வரிசைக்கு வரும். வேறு கதவில் விட்டுவிட்டுப் போனால் ஆலைக்காரருக்குப் பயனில்லை. ஆகவே சர்க்கரைப் பெட்டியையும் காலிப் பெட்டியையும் வெளியே இழுக்க வேண்டும். காலியைத் தனியே கழற்ற வேண்டும். நம் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். சர்க்கரைப் பெட்டியைப் பழையபடி அதே கதவுக்குக் கொண்டுபோய் அங்குலம் பிசகாமல் நிறுத்த வேண்டும். பாதி இறக்கிய பெட்டியை இழுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ஆட்களை வெளியே வரச் சொல்ல வேண்டும், கதவுக்கும் மேடைக்கும் நடுவே போட்ட பாலப் பலகையை எடுக்க வேண்டும். அசல் ரயில்வேயில் இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். பொறுப்புள்ள மாதிரி ரயில்காரர்கள் அந்த நேரத்தையும் கணக்கில் விட்டுத்தான் பெட்டியைத் தொடுவார்கள். சைடிங் பிரியும் பாயின்ட் வண்டி வந்த திசைக்கு எதிராக அமைந்திருந்தால் எஞ்சின் முன்னாலிருந்து பெட்டியைத் தள்ள முடியாது. பக்கத்து லூப் வழியே சுற்றிப் பின்னால் வர வேண்டும். கேனரிகளுக்குப் பேர்போன மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன், இந்த வகை ஷன்டிங் சிக்கலை மட்டும் தனியே எடுத்து டைம்சேவர் என்ற புதிர் ஆட்டமாகவே ஆக்கினார்.

பெட்டியைக் கழற்றுவதற்குக் கையால் தூக்குவது கூடாது. கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் தங்கள் பெயர்களின் முதலெழுத்தில் தொடங்கிய கேடீ நிறுவனத்தின் கப்ளர், தண்டவாளத்துக்கு நடுவே வைத்த காந்தத்தின் மேல் நின்றால் தானாகப் பிரியும். காந்தம் இல்லாத இடத்தில், கபாப் குத்தும் மூங்கில் குச்சியை இரு கப்ளர்களுக்கு நடுவே விட்டு லேசாகத் திருகுவார்கள். பிரிந்துவிடும். பழகிய கைக்கு அரை வினாடி போதும்.

பெட்டி நின்றாயிற்று. அசல் ஆலையில் இப்போது கதவைத் திறந்து, பல விரல்கள் கொண்ட மரக் கவையால் ஒரே வீச்சில் ஒரு வரிசை டப்பாவைத் தூக்கி ஓடுபாதையில் வைப்பார்கள். அடுத்து உள்ளே நடப்பது அத்தனையும் மாதிரியில் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஆயிரம் அடி நீளமுள்ள ஆலையை எச்.ஓ. அளவில் அப்படியே கட்டினால் பதினொன்றரை அடி வரும். யார் வீட்டிலும் அதற்கு இடம் கிடையாது. எனவே மூன்றடியாக்கி, அதிலும் முன்சுவரை மட்டும் வைத்து, பின்னால் வானம் வரைந்த பலகையோடு ஒட்டிவிடுவார்கள். ரயில் பார்ப்பதும் அந்தச் சுவரைத்தான் என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு.

எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. சுவருக்குப் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இத்தாலிய, போர்ச்சுகீசிய, மெக்சிகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஈரத் தரையில் மணிக்கணக்காக நின்று பழத்தைப் பிளந்தார்கள், கொட்டையை நீக்கினார்கள், அழுகலை ஒதுக்கினார்கள், டப்பாவில் அடுக்கினார்கள். பழம் காத்திருக்காது என்பதால் பருவத்தில் இரவு பகல் பார்க்க முடியாது. பருவம் முடிந்தால் வேலையும் இல்லை. 1931 ஜூலையில் சான் ஹோசே கேனரித் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் கூடியவர்கள்மீது கண்ணீர்ப்புகையும் தீயணைப்புக் குழாயின் நீரும் பாய்ந்தன. சரக்கு மேடையில் இரண்டு ஆண் பொம்மைகளை நிறுத்திவிட்டு ஆலை முடிந்தது என்று சொல்லும் மாதிரிகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் வெள்ளைத் தொப்பியும் முன்கச்சையும் அணிந்த பெண்கள் முப்பது பேரை நிறுத்தினால் செலவு பெரிதாக ஆகிவிடாது. அந்த ஆலை எதனால் ஓடியது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

சீட்டைத் திருப்புவதற்கு முன் பருவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதிரி ரயில்காரர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். ஜூன் கடைசியில் ஏப்ரிகாட் தொடங்கும். பீச், பேரி என்று நகர்ந்து இலையுதிர் காலத்தில் தக்காளியோடு முடியும். காலி டப்பாவும் சர்க்கரையும் அந்த நாலைந்து மாதத்தில்தான் வெள்ளமாக வரும். ஆனால் அடைத்த டப்பா அப்போதே முழுவதும் வெளியே போய்விடாது. வெந்து ஆறிய டப்பாக்களை லேபிள் ஒட்டாமலே கிடங்கில் மலைபோல அடுக்கிவைப்பார்கள். யார் ஆர்டர் கொடுக்கிறாரோ அவர் பெயர் போட்ட லேபிளை அப்போது ஒட்டி அனுப்புவார்கள். ஒரே மரத்துப் பழம், ஒரே நாளில் வெந்தது, மூன்று மளிகைக் கடைகளில் மூன்று பெயரில் விற்பனைக்கு நிற்கும். எனவே உள்ளே வரும் பெட்டிகள் கோடையில் குவியும். வெளியே போகும் பெட்டிகள் ஆண்டு முழுவதும் போய்க்கொண்டே இருக்கும். ஜனவரி மாதத்தை ஓட்டுகிறவர் காலி டப்பாப் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த மாதிரி பொய் சொல்கிறது. குளிர்காலத்தில் வெளியே போகும் டப்பாக்களுக்கும் கவனம் தேவை. பனிபடர்ந்த சமவெளிகளில் டப்பா உறைந்து வெடிக்காமலிருக்க, வெப்பம் கடத்தாத சுவருள்ள குளிர்பதனப் பெட்டிகளில் ஐஸ் போடாமல் ஏற்றி அனுப்புவார்கள். யூனியன் பசிபிக்கும் சதர்ன் பசிபிக்கும் 1906-இல் சேர்ந்து தொடங்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு நிறப் பெட்டிகள் புதுப் பழத்துக்காகச் செய்தவை. குளிர்காலத்தில் பழ டப்பாவுக்கும் கைகொடுத்தன.

நம் பெட்டிக்கு இப்போது ஆகஸ்ட். சீட்டைத் திருப்பினால் இரண்டாவது பயணம்: கேனரியிலிருந்து சிகாகோவுக்கு, சரக்கு, டப்பாப் பழம்.

எந்தப் பெட்டியிலும் உணவை ஏற்றிவிட முடியாது. ரயில்வே பரிசோதகர் காலிப் பெட்டிகளைப் பார்த்துத் தரம் பிரிப்பார். தரை உடையாமல், கூரை ஒழுகாமல், ஆணி துருத்தாமல், எண்ணெய்க் கறையும் வாடையும் இல்லாமல் இருப்பது முதல் தரம். மாவும் சர்க்கரையும் டப்பா உணவும் அதற்கு. பச்சைத் தோல் ஏற்றிய பெட்டியில் பிறகு உணவை ஏற்றவே முடியாது. தோலுக்கு மட்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதிவைப்பார்கள். காலி டப்பா கொண்டுவந்த நம் பெட்டி சுத்தமானது. இரண்டாவது கதவிலிருந்து மூன்றாவது கதவுக்கு நகர்த்தினால் போதும். வந்த பெட்டியிலேயே சரக்கை ஏற்றி அனுப்புவது ரயில்வேக்கும் லாபம், ஆலைக்கும் லாபம்.

இன்னொரு விதியும் உண்டு. வேறு ரயில்வேயின் பெட்டி உன் எல்லையில் காலியாகக் கிடந்தால், அதன் சொந்த ஊர்ப் பக்கம் போகும் சரக்கைத்தான் அதில் ஏற்ற வேண்டும். ஆகவே சிகாகோவுக்கும் அதற்கு அப்பாலும் போகும் டப்பாக்களுக்குக் கிழக்கத்திய ரயில்வேக்களின் பெட்டிகளையே முதலில் தேடுவார்கள். ஆகஸ்டில் அவை போதாது. அப்போது சதர்ன் பசிபிக் தன் சொந்தப் பெட்டியைத் தரும். நம் பெட்டிக்கு இந்த நெடும்பயணம் வாய்த்தது அதனால்தான். மாதிரி ரயிலில் பல நிறப் பெட்டிகள் கலந்து நிற்பதைச் சிலர் வெறும் அழகுக்காகச் செய்கிறார்கள். விதி தெரிந்தவர் சீட்டு எழுதினால் ஒவ்வொரு பெட்டியும் அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கும்.

இருபத்துநான்கு டப்பா அடங்கிய ஒரு கேஸ் ஏறத்தாழ 24 கிலோ. 1,500 கேஸ் ஏற்றினால் 36,000 டப்பா, 36 டன். காலி டப்பாவில் காற்றைச் சுமந்த அதே பெட்டி இப்போது தரை அதிரப் போகிறது. கேஸ்கள் ஆடி நசுங்காமல் இருக்கக் கதவோரம் பலகை அடித்து முட்டுக்கொடுப்பார்கள். டப்பாவில் ஒரு நெளிவு விழுந்தால் மளிகைக்கடைக்காரர் வாங்க மறுப்பார்.

சான் ஹோசே யார்டிலிருந்து ரோஸ்வில் பெருயார்டு. அங்கே ஒரு நீண்ட கிழக்கு வண்டியில் கோத்து, இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த டானர் கணவாயை ஏறும். பனி மூடாமலிருக்கத் தண்டவாளத்துக்கு மேலேயே கூரை போட்ட பாதை அது. நெவாடாப் பாலைவனம் கடந்து, 1904-இல் பெரிய உப்பு ஏரியின் குறுக்கே போட்ட லூசின் பாதை வழியாக ஆக்டன் சேர்ந்தால் சதர்ன் பசிபிக்கின் எல்லை முடிந்தது. அங்கிருந்து யூனியன் பசிபிக், அதன் பின் வேறொரு ரயில்வே, கடைசியில் சிகாகோவின் மொத்த வியாபாரக் கிடங்கு.

மாதிரியில் இந்தப் பயணம் எப்படி நடக்கிறது? சான் ஹோசேயிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 2,200 மைல். 87-ஆல் வகுத்தாலும் 25 மைல் தண்டவாளம் வேண்டும். ஆகவே நம் வண்டி மலைக்குகை ஒன்றில் நுழைந்து, மேசைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நாலைந்து தண்டவாளங்களில் ஒன்றில் போய் நிற்கும். அங்கே அதற்கு சிகாகோ என்றுதான் பெயர். ரோஸ்வில்லும் ஆக்டனும் அதே நாலைந்து தண்டவாளங்கள்தாம். சீட்டு சொல்வதை நம்பி விளையாடுகிறவருக்குப் பெட்டி உண்மையாகவே கண்டம் கடந்துவிட்டது. அடுத்த முறை நண்பர்கள் கூடும்வரை அது அங்கே நிற்கும். அசல் பெட்டியும் போய்வர அப்படியே வாரக்கணக்கில்தான் ஆகும்.

மூன்றாவது பயணம் சிகாகோவிலிருந்து ஓக்லாந்துக்கு, வீட்டுச் சாமான்களும் இயந்திரப் பாகங்களும். நான்காவது, ஓக்லாந்திலிருந்து டப்பா ஆலைக்குக் காலியாக. இரண்டும் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான வழக்கமான ஓட்டம். பிறகு சீட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பும்.

இந்தச் சீட்டுகளை எழுதுவதற்குப் பின்னால் இருக்கும் உழைப்புதான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான செல்வம் என்று நினைக்கிறேன். தீக்காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் ஊர் ஊராக வரைந்த வரைபடங்களில் ஒவ்வொரு கேனரியின் சுவரும் எதனால் கட்டியது, கொதிகலன் எங்கே, சைடிங் எங்கே என்று இருக்கும். 1913-இல் வந்த சட்டப்படி அமெரிக்க அரசு ரயில்வேக்களின் சொத்தை மதிப்பிட வரையவைத்த வரைபடங்களில் தண்டவாளம் ஒவ்வொன்றும் இருக்கும். பின்னாளில் சதர்ன் பசிபிக் ஒவ்வொரு ஆலைக்கும் எண் கொடுத்து சைடிங் படங்களையே புத்தகமாக வைத்திருந்தது. மாதிரி அமைப்பவர்கள் இவற்றையெல்லாம் தேடி எடுத்தார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர்களிடமும் ஆலைக் கணக்கர்களிடமும் உட்கார்ந்து, எந்தக் கதவில் எது இறங்கியது என்று கேட்டார்கள். பழைய ஷன்டிங் பட்டியல்களைக் குப்பையிலிருந்து மீட்டார்கள். பெரிய வரலாற்று நூல்களில் கேனரி முதலாளிகளின் பெயர் இருக்கும், உற்பத்திக் கணக்கு இருக்கும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் சர்க்கரைப் பெட்டி எந்தக் கதவில் நின்றது என்பது மாதிரி ரயில்காரரின் சீட்டில்தான் இருக்கிறது.

அந்தக் கேனரிகள் இப்போது இல்லை. லாரிகள் சரக்கை எடுத்துக்கொண்டன. தோட்டங்களை வீடுகளும் மின்னணு ஆலைகளும் எடுத்துக்கொண்டன. சன்னிவேலில் லிப்பி ஆலை 1985-இல் மூடியது. பழ டப்பா போலவே வண்ணம் தீட்டிய அதன் தண்ணீர்த் தொட்டியை மட்டும் ஊரார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சான் ஹோசேயில் டெல் மாண்டேயின் மூன்றாம் எண் ஆலை 1999-இல் மூடியது. அந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள்.

நம் பக்கத்திலும் இதே கணக்கு முடிந்துகொண்டிருக்கிறது. இந்திய ரயில்வே 1980-களில் ஒன்றிரண்டு வேகனாகச் சரக்கு ஏற்றுவதைக் கைவிட்டு, ஒரு வண்டி முழுவதையும் ஒரே சரக்காக அனுப்பும் ரேக் முறைக்கு மாறியபோது சிற்றூர்களின் குட்ஷெட்டுகள் ஓய்ந்தன. 1992-க்குப் பிறகு மீட்டர் கேஜ் பாதைகள் அகலமானபோது பழைய சைடிங்குகளைப் பெயர்த்து எடுத்தார்கள். தூத்துக்குடி உப்பும் சிவகாசித் தீப்பெட்டியும் எந்த வேகனில் ஏறி எந்த ஊரில் இறங்கின என்று கண்ணால் கண்டு கையால் எழுதியவர்கள் இன்று முதியவர்கள். உங்கள் ஊர் குட்ஷெட்டில் குமாஸ்தாவாகவோ, பாயின்ட்ஸ்மேனாகவோ, சுமை தூக்கியோ வேலை பார்த்த ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எது வந்தது, எதில் வந்தது, எந்தக் கதவில் நின்றது, காலி வேகன் எங்கே போனது என்று கேட்டு எழுதிவையுங்கள். மாதிரி செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.